ரிசல்ட் வந்ததிலிருந்து தீபாவளி வரை

பிளஸ் டூ ரிசல்ட் வரும் அன்று பள்ளிக்கூடமே பரபரப்பாக இருக்கும். தேர்ச்சி எத்தனை சதவீதம், பாடவாரியாக நூற்றுக்கு நூறு எத்தனை பேர், பக்கத்துப் பள்ளி நம்மை முந்திவிட்டதா என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு. அந்தக் கணக்கெல்லாம் வேண்டியதுதான், ஒரு வருட உழைப்பு அது. ஆனால் அதே பிள்ளைகள் அக்டோபர் மாதத்தில் எங்கே இருக்கிறார்கள், எந்தக் கல்லூரியில், எந்த ஒர்க்‌ஷாப்பில், எந்த ஊர்க் கட்டட வேலையில் என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று பதில் சொல்ல ஆள் கிடைக்காது. மேலே படிக்கச் சேர்ந்தார் என்று ஒரு டிக் விழுந்ததும் அந்தப் பிள்ளையைப் பற்றிய பேச்சு பள்ளியில் முடிந்துவிடுகிறது.

நான் தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியர். உயர்கல்வி வழிகாட்டிப் பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பையன்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள், பேக்கரிக்குப் போவார்கள், திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போவார்கள். பெண் பிள்ளைகளுக்கு ஓசூர் பக்கக் கம்பெனி வேன் வரும், இல்லையென்றால் மாப்பிள்ளை வருவார். இதில் எதுவும் ஒரே நாளில் முடிவாவதில்லை. மே மாதம் ரிசல்ட் வந்து ஆகஸ்ட் வரைக்கும் வீட்டில் சும்மா இருக்கும் அந்த இடைவெளியில், யாரும் முடிவெடுக்காமலேயே அது நடந்துவிடுகிறது. மாமா ஒருத்தர் போன் செய்வார், "சும்மாதானே இருக்கான், ஒரு மாசம் அனுப்பு" என்பார். அந்த ஒரு மாதம் அப்படியே வருடமாகிவிடும்.

இதை எழுதும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். திட்டங்களுக்குக் குறை இல்லை. 2022 மார்ச் 1 அன்று திறன் பயிற்சிக்கும் வழிகாட்டலுக்கும் 'நான் முதல்வன்' தொடங்கியது, அதே வருடம் ஜூனில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு வழிகாட்டும் 'கல்லூரிக் கனவு', செப்டம்பர் 5 அன்று மேலே படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்', 2024 ஆகஸ்டில் பையன்களுக்கும் அதே தொகை தரும் 'தமிழ்ப் புதல்வன்', மேலே படிக்கச் சேராதவர்களைத் தேடிப் பிடிக்க 'உயர்வுக்குப் படி' முகாம்கள். மருத்துவத்தில் 2020-லும் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் 2021-லும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. உயர்கல்வியில் சேருவோர் விகிதம் 2021-22 கணக்கெடுப்பில் இந்திய அளவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. இந்த எண்ணுக்குப் பின்னால் பல பேருடைய உழைப்பு இருக்கிறது, அதை மதிக்கிறேன்.

அப்புறம் ஏன் பிள்ளைகள் நழுவுகிறார்கள்? எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: தகவல் பற்றாமல் நழுவுகிறவர்கள் குறைவு. ஒரு சான்றிதழில், ஒரு வங்கிக் கணக்கில், ஒரு பஸ் கட்டணத்தில், பயிற்சியின் முதல் மாதத்தில் நழுவுகிறவர்கள்தான் அதிகம். மேடை போட்டு "உங்களால் முடியும்" என்று பேசுவதற்கு நிறையப் பேர் வருகிறார்கள். தாலுகா ஆபீஸ் வரைக்கும் கூட வருவதற்குத்தான் ஆள் இல்லை.

சான்றிதழ் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வெளியே இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சுவர் என்று தெரியாது. ஒரு பையன், பிளஸ் டூவில் சுமாரான மார்க், எலக்ட்ரீசியன் டிரேடு படிக்க ஆசை. மதிப்பெண் பட்டியலில் ஒரு இனிஷியல், ஆதாரில் இனிஷியலே இல்லை. பள்ளியில் பிறந்த தேதி ஒன்று, ஆதாரில் ஜனவரி 1. ஆதாரில் இருக்கும் போன் நம்பர் எப்போதோ தொலைந்த சிம்முடையது. வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க இ-சேவை மையத்துக்குப் போனால், அப்பாவின் நம்பருக்கு ஓடிபி போகும் என்கிறார்கள். அப்பா பெங்களூரில் ஏதோ ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருக்கிறார். அம்மா போன் போடுகிறார், எடுக்கவில்லை. மறுபடி போடுகிறார். எடுத்தவருக்கு ஆங்கிலத்தில் வந்த மெசேஜைப் படிக்கத் தெரியவில்லை, பக்கத்தில் இருந்த மேஸ்திரியிடம் போனைக் கொடுக்கிறார், அவர் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மையத்தில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். அந்த அம்மா அன்றைய நூறு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தவர். மகனைப் பார்த்து, "இதெல்லாம் நமக்கு ஒத்து வராதுடா, வா" என்கிறார். பள்ளிக்கும் இந்தப் பையனுக்கும் உறவு முடிந்திருந்தால் அன்றைக்கே அவன் படிப்பும் முடிந்திருக்கும். மறுநாள் சாயங்காலம், அப்பா வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் நேரம் பார்த்து, மையக்காரரிடம் சொல்லி வைத்து மறுபடி போட்டோம். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்கு யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சித்தேரி மலையிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வருவாய்க் கோட்ட அலுவலர்தான் தர வேண்டும், விசாரணை அது இது என்று மாதக்கணக்கில் இழுக்கும். ரிசல்ட் வந்த பிறகு விண்ணப்பித்தால் சேர்க்கை முடிந்த பிறகு கைக்கு வரும். அதனால் நாங்கள் இப்போது அரையாண்டுத் தேர்வுக்கு முன்னாலேயே ஒவ்வொருவருடைய பையையும் பார்த்துவிடுகிறோம். ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், இந்த மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா? ஆதாரில் இருக்கும் போன் நம்பர் உயிரோடு இருக்கிறதா? வங்கிக் கணக்கு ஓடுகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்காலர்ஷிப்புக்காகச் சின்ன வகுப்பில் திறந்த கணக்கு, பணம் போடாமல் எடுக்காமல் செயலிழந்து கிடக்கும். கணக்கு இருந்தாலும் ஆதாரோடு இணைந்திருக்காது. மாதம் ஆயிரம் ரூபாய் மற்ற எல்லோருக்கும் வந்து, இவளுக்கு மட்டும் வராமல் போனால், காரணம் பெரும்பாலும் இந்த இணைப்புதான். பெண் என்ன நினைக்கிறாள் தெரியுமா? தனக்குத் தகுதி இல்லை என்று நினைத்துக்கொள்கிறாள். யாரிடமும் கேட்பதில்லை.

அடுத்தது, ஃபெயிலான பிள்ளைகள். இவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை, ஏனென்றால் ரிசல்ட் வந்த அன்றே இவர்கள் பள்ளியின் பக்கம் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். துணைத் தேர்வு இருக்கிறது, சில வாரங்களிலேயே எழுதலாம், அது பலருக்கும் தெரியும். பலருக்கும் தெரியாதது இன்னொன்று. பிளஸ் டூவில் ஃபெயிலானாலும் அந்தப் பிள்ளையிடம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இருக்கிறது. ஐடிஐ எனும் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர், எலக்ட்ரீசியன், டர்னர், மெஷினிஸ்ட், ஏசி மெக்கானிக் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். பாலிடெக்னிக்கில் முதலாம் ஆண்டு சேரவும் அதுவே போதும். வெல்டர், வயர்மேன், பிளம்பர் டிரேடுகளுக்கு எட்டாம் வகுப்பே போதும். அதோடு, பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருட ஐடிஐ முடித்து, தமிழ், ஆங்கில மொழித் தேர்வுகளையும் எழுதித் தேறினால் தமிழ்நாட்டில் அது பிளஸ் டூவுக்கு இணையாகக் கொள்ளப்படும். அதாவது ஃபெயிலான பிள்ளைக்கு முன்னால் கதவு சாத்தப்படவே இல்லை. இதை ரிசல்ட் வந்த அன்று சாயங்காலத்துக்குள் அந்த வீட்டுக்குச் சொல்லியாக வேண்டும். மறுநாள் போனால் பையன் வீட்டில் இருப்பான், ஆனால் பேச மாட்டான். ஒரு வாரம் கழித்துப் போனால் பஸ் ஏறியிருப்பான்.

சரி, ஐடிஐ என்றாலே முகம் சுளிக்கிற பெற்றோரை என்ன செய்வது? "படிக்காத பசங்க போற இடம் சார் அது" என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்கள் பார்த்த ஐடிஐ பழையது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாய் செலவில் புதுப்பித்திருக்கிறார்கள். கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரம், ரோபோ, மின்சார வாகனம் என்று பயிற்சி நடக்கிறது. அரசு ஐடிஐயில் படிக்கும் பிள்ளைக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, ஒழுங்காக வகுப்புக்கு வர வேண்டும், அவ்வளவுதான். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் அந்த ஆயிரமும் கிடைக்கும். சீருடை, காலணி, பஸ் பாஸ் எல்லாம் தருகிறார்கள். இவ்வளவையும் வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். பிப்ரவரியில், செய்முறைத் தேர்வு முடிந்த கையோடு, பிள்ளைகளையும் வர முடிந்த பெற்றோரையும் கடகத்தூர் அரசு ஐடிஐக்கு அழைத்துப் போவது எங்கள் வழக்கமாகிவிட்டது. ஒரு அம்மா லேத் மிஷின் பக்கத்தில் நின்று, சீருடையில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "கை மாட்டிக்காதாம்மா?" என்று கேட்டார். அந்தப் பெண் மிஷினை நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது, முடியை ஏன் இப்படி இறுக்கிக் கட்டியிருக்கிறேன் என்று பொறுமையாகக் காட்டிக் கொடுத்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் அந்த அம்மாவின் கேள்வி மாறிவிட்டது: "ஹாஸ்டல் இருக்குதுங்களா சார்?"

எந்த டிரேடு என்பதை முடிவு செய்வதில் அவசரப்படக் கூடாது. எலக்ட்ரீசியன் என்றால் எல்லோருக்கும் தெரிகிறது, அதனால் எல்லோரும் அதையே கேட்கிறார்கள். உயரம் என்றால் பயப்படுகிற பையனும் கேட்கிறான். நான் பிள்ளைகளிடம் "உன் லட்சியம் என்ன" என்று கேட்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டது, பதினேழு வயதில் அதற்கு மனப்பாடப் பதில்தான் வரும். வேறு விதமாகக் கேட்பேன். வீட்டில் மோட்டார் நின்றுபோனால் நீ திறந்து பார்ப்பாயா, மெக்கானிக் வரும்வரை காத்திருப்பாயா? நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை செய்ய முடியுமா? ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க முடியுமா? வீட்டை விட்டு வெளியூரில் தங்குவாயா? கணக்கு பயமா, ஆங்கிலம் பயமா? இந்தப் பதில்களிலிருந்து ஓரளவு வழி தெரியும். தர்மபுரியைத் தாண்டியும் பார்க்கச் சொல்வேன். கிண்டியில் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிபெட் இருக்கிறது, பத்தாம் வகுப்புக்கு மேல் பிளாஸ்டிக் தொழில்நுட்பத்தில் மூன்று வருட டிப்ளமோ. சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, எங்களுக்குப் பக்கத்து ஊர், ஆனால் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்தப் பெயரே தெரியாது. பெரம்பூரில் இருக்கும் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப், ஐடிஐ முடித்தவர்களை மட்டுமல்லாமல் பத்தாவது, பிளஸ் டூ முடித்த புதியவர்களையும் அப்ரன்டிஸாக, அதாவது தொழிற்பழகுநராக, எடுக்கிறது. வெல்டர், கார்ப்பென்டர், பெயின்டர், ஃபிட்டர் என்று பல டிரேடுகள், பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர்களுக்கு லேப் டெக்னீஷியன் பிரிவும் உண்டு. ரயில்வேயில் அப்ரன்டிஸ் முடித்தவர்களுக்கு அதன் அடிப்படை நிலையான லெவல் 1 பணியிடங்களில் 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. இந்த அறிவிப்புகள் எல்லாம் ஆன்லைனில்தான் வருகின்றன, எங்கள் பிள்ளைகளின் போனில் ரீல்ஸ்தான் வருகிறது. யாராவது ஒருவர் பார்த்து, அனுப்பி, "போட்டியா?" என்று கேட்க வேண்டும்.

இப்போது முதல் மாதத்துக்கு வருகிறேன். சேர்த்துவிட்டோம், போட்டோ எடுத்தோம், முடிந்தது என்று நினைக்கும் இடத்தில்தான் அடுத்த நழுவல் தொடங்குகிறது.

ஃபிட்டர் டிரேடில் முதல் வேலை அரம் போடுவது. பெஞ்ச் வைஸில் ஒரு இரும்புப் பட்டையை இறுக்கி, இரண்டு கையாலும் அரத்தைப் பிடித்து, உடம்பை முன்னால் சாய்த்துத் தள்ளி, அழுத்தாமல் பின்னால் இழுத்து, மறுபடி தள்ளி, இப்படியே வாரக்கணக்கில். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத வேலை. ஆனால் மேற்பரப்பு சமமாக வந்திருக்கிறதா என்று ட்ரை ஸ்கொயர் என்ற செங்கோண அளவுகோலை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால், புதுப் பையன் தேய்த்ததில் நடுவில் மேடும் இரண்டு ஓரத்திலும் வெளிச்சமும் தெரியும். கை ஆடுகிறது என்று அர்த்தம். மறுபடி தேய்க்க வேண்டும். உள்ளங்கையில் கொப்புளம் வரும், உடையும், காய்க்கும். என் மாணவன் ஒருவன் ஆகஸ்ட் கடைசியில் போன் செய்து, "சார், ரோபோ இருக்குன்னு சொன்னீங்க, ஒரு மாசமா அரம்தான் தேய்க்கிறேன். ஒர்க்‌ஷாப் கூட்டறதுக்கும் என்னையே விடறாங்க. நான் பெங்களூரே போறேன் சார்" என்றான். அங்கே அவன் சித்தப்பா நாளைக்கு எழுநூறு ரூபாய் என்று ஆசை காட்டியிருக்கிறார்.

அவனிடம் நான் அறிவுரை சொல்லவில்லை. எங்கள் பள்ளியில் படித்து, அதே ஐடிஐ முடித்து, இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கும் ஓர் அண்ணனின் நம்பரைக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பேசியிருக்கிறார்கள். அந்த அண்ணன் சொன்னது ரொம்ப எளிமை: "அரம் எதுக்குன்னா, இரும்பு எவ்வளவு கழண்டு வருதுன்னு உன் கைக்குத் தெரியணும். நாளைக்கு மிஷின்ல சத்தம் மாறினா அந்தக் கைதான் கண்டுபிடிக்கும். இன்னும் ஒரு மாசம் பொறு, டிரில்லிங் வந்துரும்." பையன் பொறுத்தான். நான் நூறு தடவை சொல்லியிருந்தாலும் இந்தப் பேச்சுக்கு ஈடாகாது, ஏனென்றால் நான் அரம் பிடித்தவன் இல்லை, அது அவனுக்குத் தெரியும்.

முதல் இரண்டு மாதத்தில் கைக்காசு இன்னொரு பெரிய பிரச்சனை. உதவித்தொகை உடனே வராது, பதிவெல்லாம் முடிந்து கணக்கில் விழ நாளாகும். பஸ் பாஸும் சேர்ந்த அன்றே கைக்கு வராது. பெண் பிள்ளைகளுக்கு டவுன் பஸ்ஸில் காசு இல்லை, பையன்களுக்கு அது கிடையாது. பென்னாகரம் தாண்டி உள்ளே இருக்கும் கிராமத்திலிருந்து தினமும் வந்து போக ஆகும் செலவும், மத்தியானச் சாப்பாடும், முதலில் வாங்க வேண்டிய ரெக்கார்டு நோட்டும் சேர்ந்து ஒரு கூலிக் குடும்பத்தைத் திணறடித்துவிடும். எங்கள் பள்ளியில் முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து இதற்கென்று ஒரு சின்னத் தொகை வைத்திருக்கிறார்கள். பெரிய பணமில்லை. செப்டம்பர் வரைக்கும் பஸ் செலவு, அவ்வளவுதான். எத்தனையோ கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று ஒரு பிள்ளைக்கு வந்து சேர்வது இந்தச் சில நூறு ரூபாயை நம்பியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. முதல் மாத உதவித்தொகையைச் சேர்ந்த அன்றே கையில் கொடுக்க ஒரு வழி செய்தால் என்ன?

படிக்காமல் நேராக வேலைக்குப் போகிற பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்களைத் தோற்றவர்கள் மாதிரி பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா இல்லாத வீடு, கடன், படுத்திருக்கும் பாட்டி, இப்படி எத்தனையோ காரணம். அவர்களுக்கும் வழிகாட்டல் வேண்டும், இன்னும் சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் அதிகம் வேண்டும். ஊருக்குள் ஏஜென்ட் வருவது எப்போது என்று கவனித்தீர்களா? தேர்வு முடிந்த வாரம் வருவார்கள். ஒரு காலத்தில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில், மூன்று வருடம் முடித்தால் மொத்தமாகக் கல்யாணச் செலவுக்குப் பணம் என்று சொல்லிக் கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்க நூற்பாலைகளுக்குப் பெண் பிள்ளைகளைக் கூட்டிப் போனதும், பாதியில் உடம்பு முடியாமல் திரும்பியவர்களுக்குக் கைக்கு ஒன்றும் வராததும் நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரியும். இன்றைக்குப் பெயர் மாறியிருக்கிறது, வேலைகளும் பல இடங்களில் நன்றாகவே மாறியிருக்கின்றன. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் பிளஸ் டூ முடித்த பெண்கள் பிஎஃப், இஎஸ்ஐயோடு சம்பளம் வாங்குகிறார்கள். அதனால் "கம்பெனிக்குப் போகாதே" என்று நான் சொல்வதில்லை. கேட்டுவிட்டுப் போ என்கிறேன்.

என்ன கேட்பது என்பதைப் பிப்ரவரியிலேயே வகுப்பில் எழுதிப் போட்டுவிடுவோம். சம்பளம் தருவது கம்பெனியா, கான்ட்ராக்டரா? அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் யார் பெயரில் வரும்? பிஎஃப் பிடிப்பார்களா, பிஎஃப் கணக்குக்கான யூஏஎன் நம்பர் தருவார்களா? இரவு ஷிப்ட் உண்டா? ஹாஸ்டலுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், லீவு நாளில் வெளியே போக விடுவார்களா, போன் வைத்துக்கொள்ளலாமா? "டிரெயினிங்" என்று சொன்னால் எத்தனை மாதம், முடிந்ததும் என்ன சான்றிதழ்? இதில் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி எடுத்தால், அரசு இணையதளத்தில் ஒப்பந்தம் பதிவாக வேண்டும், குறைந்தபட்ச உதவித்தொகை இவ்வளவு என்று விதி இருக்கிறது, தேர்வு எழுதினால் தேசியச் சான்றிதழ் வரும். முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் தொழிற்பழகுநர்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிதான். இந்தப் பதிவெல்லாம் இல்லாமல் வருடக்கணக்கில் "டிரெயினி" என்றே வைத்திருந்தால், அந்தப் பிள்ளை வெளியே வரும்போது காட்டுவதற்கு ஒரு காகிதம்கூட இருக்காது.

இன்னொன்று, இதைக் கத்திச் சொல்ல வேண்டும்: ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டிசியையும் எந்தக் கம்பெனியிடமும் எந்த ஏஜென்ட்டிடமும் கொடுத்து வைக்காதீர்கள். சரிபார்க்கட்டும், நகல் எடுக்கட்டும், அங்கேயே திரும்ப வாங்கிவிடுங்கள். என் மாணவி ஒருத்தியின் சான்றிதழ்களை வேலைக்குச் சேர்ந்த இடத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, நர்சிங் படிக்க இடம் கிடைத்த நேரத்தில் "ஆறு மாதம் முடிக்காமல் தர மாட்டோம்" என்றார்கள். அவள் அண்ணனும் நானும் ஊர்த் தலைவரும் நேரில் போய் நின்ற பிறகுதான் கொடுத்தார்கள். சேர்க்கை முடிய அதிக நாள் இருக்கவில்லை. இப்போது அவள் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

அங்கீகாரம் இல்லாத பயிற்சி நிலையங்களும் ஜூன் மாதம் முழுக்கச் சுவரொட்டி ஒட்டுகின்றன. ஃபயர் அண்டு சேஃப்டி, லேப் டெக்னீஷியன், கேட்டரிங், நூறு சதவீதம் வேலை உத்தரவாதம். பணம் கட்டும் முன்னால் ஒரே ஒரு போன் 14417-க்குப் போடச் சொல்கிறோம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண், எந்தப் படிப்புக்கு எந்த அங்கீகாரம் வேண்டும் என்று கேட்கலாம்.

இதையெல்லாம் யார் செய்வது? ஜூன் வந்துவிட்டால் எங்களுக்குப் புது வகுப்பு, புதுப் பிள்ளைகள், பாடம், பதிவேடு, பயிற்சி வகுப்பு. போன வருடத்துப் பிள்ளைகளின் போனை எடுப்பது எந்த ஆசிரியரின் வேலைப் பட்டியலிலும் இல்லை. மனசு இருப்பவர்கள் செய்கிறார்கள், மாற்றலாகிப் போனால் அதுவும் போய்விடுகிறது. எனக்கு இதில் ஒரு தெளிவான கருத்து இருக்கிறது. ஒன்றியத்துக்கு ஒருவர், இந்த வேலைக்கு மட்டும், சம்பளத்தோடு வேண்டும். அந்த ஊர்க்காரராக, முடிந்தால் ஐடிஐயோ பாலிடெக்னிக்கோ முடித்து வேலை பார்த்த அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும். நவம்பரில் சான்றிதழ், பிப்ரவரியில் பயிற்சி நிலையம், மே மாதம் ரிசல்ட் அன்று ஃபெயிலான வீடுகள், ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை விண்ணப்பமும் சேர்க்கையும், அப்புறம் தீபாவளி வரைக்கும் வாரம் ஒரு போன். சேர்ந்தவர்களின் எண்ணிக்கையைக் கேட்பதைப் போலவே, தீபாவளி லீவு முடிந்து திரும்பிப் போனவர்களின் எண்ணிக்கையையும் அவரிடம் கேட்க வேண்டும். ஏன் தீபாவளி என்றால், லீவுக்கு ஊருக்கு வரும் பிள்ளை, கையில் காசோடு பெங்களூரிலிருந்து வந்திருக்கும் நண்பனைப் பார்க்கிறது. தொங்கலில் இருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் அந்த வாரத்தில்தான் விழுகிறார்கள். அதைத் தாண்டியவர்கள் அநேகமாக முடித்துவிடுகிறார்கள், இது எங்கள் பள்ளியில் நான் பார்த்தது.

அப்படி ஒருவர் வரும்வரைக்கும் எங்களிடம் இருப்பது ஒரு நோட்டு. பிள்ளையின் பெயர், அம்மாவின் நம்பர், ஊரில் எப்போதும் போன் எடுக்கும் ஒரு சொந்தக்காரரின் நம்பர், எங்கே சேர்ந்தது, கடைசியாகப் பேசிய தேதி. வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது, ஆனால் கஷ்டத்தில் இருக்கும் பிள்ளை குழுவில் ஒன்றும் எழுதாது. குழுவில் குட் மார்னிங் போடுவதை நிறுத்திவிட்ட பிள்ளைக்குத்தான் நாங்கள் முதலில் போன் செய்கிறோம்.

இதைப் படிப்பவர்களில் ஐடிஐ, டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் படித்த அரசுப் பள்ளிக்கு இந்த ஜனவரியில் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஒரு நாள் சேர்த்து லீவு போட்டுவிட்டுப் போங்கள். தலைமை ஆசிரியரிடம் சொன்னால் ஒரு பீரியடு தருவார். பெரிய பேச்சு வேண்டாம். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள், என்ன மிஷின், முதல் மாதம் என்ன சம்பளம் வாங்கினீர்கள், இப்போது எவ்வளவு, எங்கே தங்கியிருக்கிறீர்கள், எதற்குப் பயந்தீர்கள், இதைச் சொன்னால் போதும். சம்பளச் சீட்டைக் காட்ட முடிந்தால் காட்டுங்கள், பிஎஃப் என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டுங்கள். கடைசியில் உங்கள் நம்பரைக் கரும்பலகையில் எழுதிவிட்டு வாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுங்கள்.